இரண்டாவது வாய்

ஆங்கில விசைப்பலகையில் அடித்தால் பதினோரு எழுத்துகள்தான். முதலில் 2 என்ற எண், அடுத்து ஒரு அம்புக்குறி, பிறகு ஒரு முகவரி: 2>/டெவ்/நல். லினக்ஸ் சர்வர்களோடு வேலை பார்ப்பவர்கள் ஒரு நாளில் ஒரு தடவையாவது இதைக் கடந்து போயிருப்பார்கள். ஒரு கட்டளையின் வால்நுனியில் ஒட்டிக்கொண்டிருக்கும். "இந்த நிரல் ஏதாவது தப்பு நடந்ததாகச் சொன்னால் என்னிடம் சொல்லாதே, தூக்கிப் போட்டுவிடு" என்பது இதன் பொருள். தூக்கிப் போடும் இடத்தைக் குப்பைத்தொட்டி என்றுகூடச் சொல்ல முடியாது. குப்பைத்தொட்டியைத் தேவைப்பட்டால் கிளறிப் பார்க்கலாம். /டெவ்/நல்லில் எவ்வளவு கொட்டினாலும் நிறையாது, போட்டதில் ஒரு எழுத்தும் திரும்பக் கிடைக்காது.

பத்து வருஷத்துக்கும் மேலாக ஷெல் ஸ்கிரிப்டுகளோடு பிழைப்பு ஓடுகிறது. நானே புதிதாக எழுதியவை குறைவு. மற்றவர்கள் எழுதி வைத்துவிட்டுப் போனதைப் படித்து, ஒட்டுப்போட்டு, தொடர்ந்து ஓடவைப்பதுதான் அதிகம். யாரோ பல வருஷம் குடியிருந்து காலி செய்த வீட்டுக்குள் நுழைவது மாதிரி. சுவரில் ஏன் இந்த உயரத்தில் ஆணி அடித்தார்கள், இந்தக் குழாயை ஏன் துணியால் கட்டி வைத்திருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாக யோசிக்க வேண்டியிருக்கும். அப்படிப்பட்ட வீடுகளில் எனக்கு அதிகம் கண்ணில் படுவது இந்தப் பதினோரு எழுத்துகள்தான். பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான் வரும். இங்கே யார் என்ன சொல்லிக்கொண்டிருந்தார்கள்? எதற்காக வாயை அடைக்க வேண்டி வந்தது?

*

நிரல் எழுதாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். ஷெல் என்பது நாம் அடிக்கும் கட்டளையை வாங்கி, கணினியிடம் கொண்டுபோய்ச் செய்யவைக்கும் இடைத்தரகர். கட்டளைகளை வரிசையாக ஒரு கோப்பில் எழுதி வைத்தால் அது ஷெல் ஸ்கிரிப்ட். ராத்திரி ஒரு மணிக்கு பேக்கப் எடுப்பது, பழைய கோப்புகளை அழிப்பது, ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு அனுப்புவது போன்ற வேலைகளை உலகமெங்கும் இந்தச் சின்னச் சின்னக் கோப்புகள்தான் செய்கின்றன. யாரும் அவற்றைப் பற்றிப் பெருமையாகப் பேசுவதில்லை. நின்றுபோனால்தான் அப்படி ஒன்று இருந்ததே தெரியும்.

யூனிக்ஸ் வழிவந்த அமைப்புகளில், ஷெல் ஒரு நிரலைத் தொடங்கும்போது அதன் கையில் மூன்று குழாய்களைக் கொடுக்கிறது. 0, 1, 2 என்று எண்கள். 0 காது, உள்ளே வருவதைக் கேட்கும். 1 வாய், விடையைச் சொல்லும். 2 இன்னொரு வாய். விடை அல்லாத எதையும், குறிப்பாகத் தவறுகளை, அதன் வழியாகச் சொல்ல வேண்டும். சாதாரணமாக இரண்டு வாயும் ஒரே திரையைப் பார்த்துத்தான் பேசும் என்பதால் வித்தியாசம் தெரியாது. விடையைக் கோப்புக்கோ இன்னொரு நிரலுக்கோ திருப்பிவிடும்போதுதான் இவை வேறு வேறு என்பது புரியும்.

இரண்டாவது வாய் ஆரம்பத்திலிருந்தே இருந்ததல்ல. பெல் ஆய்வகத்தில் 1969-இல் யூனிக்ஸ் பிறந்தபோது நிரல்கள் விடையையும் தவறையும் ஒரே வழியாகத்தான் கொட்டின. 1973-இல் கென் தாம்ஸன் பைப் என்ற வசதியைக் கொண்டுவந்தார். டக் மெக்கில்ராய் 1964-லிருந்தே அதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு நிரலின் வாயை அடுத்த நிரலின் காதோடு நேராக இணைத்துவிடலாம். அப்போதுதான் சிக்கல் பெரிதானது. முதல் நிரல் "கோப்பைத் திறக்க முடியவில்லை" என்று சொன்னால், அடுத்த நிரல் அதையும் ஒரு தரவு என்று நினைத்து விழுங்கிவிடும். வரிகளை எண்ணும் நிரலாக இருந்தால், அந்தப் புலம்பலையும் ஒரு வரியாக எண்ணி நமக்குக் கணக்குக் கொடுக்கும்.

இதே காலத்தைப் பற்றி ஸ்டீவ் ஜான்ஸன் சொன்ன கதை ஒன்று உண்டு. ஆய்வகத்துக்கு ஒரு ஒளி அச்சுக்கோப்பு இயந்திரம் வந்திருந்தது. அதில் அச்சிட்டால் நீளமான தாளை எடுத்து, நாற்றமடிக்கும் ரசாயன இயந்திரத்துக்குள் கவனமாகச் செலுத்திவிட்டுப் பல நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். ஒரு மதியம் பலருக்கும் ஒரே அனுபவம். காத்திருந்து வாங்கிய தாளில் அழகான எழுத்துருவில், நேர்த்தியாகக் கோக்கப்பட்ட ஒரே ஒரு வரி. கோப்பைத் திறக்க முடியவில்லை என்ற பிழைச்செய்தி! முணுமுணுப்பு கேட்க வேண்டியவர்கள் காதில் விழுந்தது. இரண்டொரு நாளில் பிழைகளுக்கென்று தனி வழி வந்துவிட்டது என்கிறார் ஜான்ஸன். மெக்கில்ராய் பைப்பையே முக்கியக் காரணமாகச் சொல்லி, அந்தத் தனி வழியை உருவாக்கியது டென்னிஸ் ரிட்சி என்று எழுதியிருக்கிறார். எது முதல் காரணமாக இருந்தாலும் சரி, தவறைச் சொல்கிற குரல் விடையோடு கலந்து அடையாளம் தெரியாமல் போய்விடக்கூடாது என்பதற்காகவே இரண்டாவது வாய் திறக்கப்பட்டது.

1979-இல் வந்த ஸ்டீவ் பார்னின் ஷெல்லில் 2> என்று எழுதினால் அந்த வாயை வேண்டிய பக்கம் திருப்பிவிடலாம். கோப்பின் பக்கம் திருப்பலாம். /டெவ்/நல் பக்கமும் திருப்பலாம். கேட்பதற்காகப் பிரித்த வழிதான் அடைப்பதற்கும் வசதியாகப் போயிற்று.

*

யூனிக்ஸ் உலகத்தில் இன்னொரு மரபு உண்டு. வேலை சரியாக முடிந்தால் வாயைத் திறக்காதே. ஒரு கோப்பை நகலெடுக்கச் சொன்னால், 'சிபி' கட்டளை எடுத்து முடித்துவிட்டுச் சும்மா நிற்கும். "வெற்றிகரமாக முடிந்தது" என்று மார்தட்டிக்கொள்ளாது. புதிதாகக் கற்றுக்கொள்ள வருபவர்கள் இங்கே தடுமாறுவார்கள். "ஒண்ணுமே வரலியேண்ணா, நடந்துச்சா இல்லையா?" என்று கேட்பார்கள். ஒன்றும் வரவில்லை என்றால் நடந்துவிட்டது என்று அர்த்தம். மௌனம் சம்மதம் என்று கல்யாணப் பேச்சில் சொல்வோமே, அதுதான்.

ஆனால் மௌனம் சம்மதமாக வேண்டுமென்றால் ஒரு நிபந்தனை இருக்கிறது. சம்மதம் இல்லை என்றால் சொல்வதற்கு அந்தப் பெண்ணுக்கு வாய் இருக்க வேண்டும். பேசினால் அடி விழும் என்கிற வீட்டில் மௌனத்துக்கு ஒரு பொருளும் கிடையாது. 2>/டெவ்/நல் செய்வது அதைத்தான். பிழையை மறைக்கிறது என்பது பாதிதான். மௌனத்தின் அர்த்தத்தையும் சேர்த்து அழித்துவிடுகிறது. அதன் பிறகு அந்த வரி சும்மா இருந்தால், வேலை முடிந்ததாகவும் இருக்கலாம், பாதியில் செத்துப்போனதாகவும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

அதற்காக இந்தப் பதினோரு எழுத்துகளை எழுதுவதே பாவம் என்று சொல்லமாட்டேன். சாதாரணப் பயனராக இருந்துகொண்டு 'ஃபைண்ட்' கட்டளையால் முழு வட்டிலும் ஒரு கோப்பைத் தேடினால், "அனுமதி இல்லை, அனுமதி இல்லை" என்று வரி வரியாகக் கொட்டும். நமக்கு அனுமதி இல்லை என்பது நமக்கே தெரியும், தேடும் கோப்பு அங்கே இல்லை என்பதும் தெரியும். அங்கே வாயை அடைப்பது நியாயம்தான். ஒரு மென்பொருள் நிறுவப்பட்டிருக்கிறதா என்று சோதிக்கும்போது வரும் பிழையும் அப்படித்தான். அதைப் பிழை என்றே சொல்லக்கூடாது. "இருக்கிறாயா?" என்ற கேள்விக்கு "இல்லை" என்பதும் ஒரு பதில்தானே.

இந்த வித்தியாசத்தை 'க்ரெப்' கட்டளை அழகாகச் செய்யும். ஒரு சொல்லைக் கோப்பில் தேடச் சொல்கிறோம். கிடைத்தால் முடிவு எண் 0. கோப்பு முழுக்கத் தேடியும் கிடைக்காவிட்டால் 1. கோப்பையே திறக்க முடியாவிட்டால் 2. "தேடினேன், இல்லை" வேறு, "தேடவே முடியவில்லை" வேறு. நம்மில் பெரும்பாலோர் இந்த இரண்டையும் ஒரே "இல்லை" என்று எடுத்துக்கொண்டு மேலே போய்விடுகிறோம்.

*

சில வருஷங்களுக்கு முன்னால், ஒரு தொழிற்சாலையின் வருகைப்பதிவு அமைப்பைப் பராமரிக்கும் வேலை எங்கள் குழுவுக்கு வந்தது. தொழிற்சாலையின் பெயர் வேண்டாம். நான்கு வாசல்கள், ஒவ்வொன்றிலும் விரல்ரேகைக் கருவி. வாசலில் இருக்கும் சின்னக் கணினி அன்றைய பதிவுகளை ஒரு கோப்பாக எழுதி, நெட்வொர்க்கில் பகிரப்பட்ட ஃபோல்டரில் வைக்கும். ராத்திரி ஒரு மணிக்கு சர்வரில் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் ஓடும். நான்கு ஃபோல்டர்களிலிருந்தும் கோப்புகளை எடுத்து, ஒன்றாக்கி, சம்பள மென்பொருளுக்கு அனுப்பிவிடும். மூன்றாம் வாசல் காண்டிராக்ட் தொழிலாளர்களுக்கானது. துப்புரவு, கேன்டீன், லோடிங் ஆட்கள், நாற்பது பேருக்கு மேல்.

ஒரு மாதம் பத்தாம் தேதி வாக்கில் "மூன்றாம் வாசல் ரிப்போர்ட்டைச் சரிபார்க்கவும்" என்று ஒரு டிக்கெட் வந்தது. அவசரமில்லை என்ற வகையில் பதிவாகியிருந்தது. வேறு வேலையாகவும் அங்கே போக வேண்டியிருந்ததால் நேரில் போனேன். வாசலில் கருவியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது துப்புரவுப் பிரிவு அக்கா ஒருத்தர் பக்கத்தில் வந்து நின்றார்.

"தம்பி, நீங்கதான் கம்ப்யூட்டர் பாக்குறவரா?"

"ஆமாக்கா. சொல்லுங்க."

"விரல் வச்சா பச்சை லைட்டு எரியுது. பச்சை எரிஞ்சா நான் வந்துட்டேன்னுதானே அர்த்தம்? எனக்குப் பத்து நாள் சம்பளம் வரல. எங்க செட்ல யாருக்குமே வரல."

சூப்பர்வைசரிடம் சொன்னார்களாம். "சிஸ்டம்ல ஆப்சென்ட்னு இருக்கு, நான் என்னம்மா பண்றது" என்றாராம். காண்டிராக்டரிடம் போயிருக்கிறார்கள். அவர் வைத்திருந்த நோட்டில் எல்லோரும் வந்ததாகத்தான் இருந்தது. ஆனால் சம்பளம் கணக்கிடுவது நோட்டை வைத்து இல்லை, சிஸ்டத்தை வைத்து. ஏழாம் தேதி கையில் வந்த பணம் முந்தைய மாதச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. வீட்டு வாடகையை யாரும் மூன்றில் இரண்டு பங்காக வாங்கிக்கொள்வதில்லை.

சர்வரில் போய் ஸ்கிரிப்டைத் திறந்தேன். நான்கு வாசலுக்கும் நான்கு 'சிபி' வரிகள். மூன்றாவது வரியின் முடிவில் மட்டும் 2>/டெவ்/நல். அதை எடுத்துவிட்டு அந்த ஒரு வரியைக் கையால் ஓட்டிப் பார்த்தேன். "அப்படி ஒரு கோப்போ அடைவோ இல்லை" என்று உடனே சொல்லியது. இருபது நாளாக ஒவ்வொரு ராத்திரியும் ஒரு மணிக்கு இதையேதான் அது சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

காரணம் சின்னதுதான். முந்தைய மாதம் இருபதாம் தேதி நெட்வொர்க் ஸ்விட்ச் ஒன்றை மாற்றியிருந்தார்கள். அந்த நேரத்தில் சர்வரும் மறுதொடக்கமாகியிருக்கிறது. மூன்றாம் வாசலின் ஃபோல்டர் மட்டும் மறுபடி மவுண்ட் ஆகவில்லை. மவுண்ட் ஆகாவிட்டால் அந்த இடத்தில் ஒரு வெற்று அடைவு இருக்கும். ஃபோல்டர் இருக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை. உண்மையான கோப்புகள் அத்தனையும் வாசலில் இருந்த கணினியில் ஒரு நாள் விடாமல் பத்திரமாக இருந்தன. ஸ்கிரிப்டின் கடைசி வரி "முடிந்தது" என்று அச்சிடுவது. அந்த வரி எப்போதும் வெற்றிதான் என்பதால் மொத்த ஸ்கிரிப்டின் முடிவு எண்ணும் 0. மனிதவளத் துறையின் டாஷ்போர்டில் பச்சை. வாசலிலும் பச்சை, டாஷ்போர்டிலும் பச்சை. நடுவில்தான் அறுந்துபோயிருந்தது.

அந்தப் பதினோரு எழுத்துகளை யார், ஏன் போட்டார்கள் என்று பழைய மாற்றங்களின் வரலாற்றில் தேடினேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருவர் சேர்த்திருந்தார். "ஞாயிறு இரவு வரும் மெயிலை நிறுத்த" என்று குறிப்பும் எழுதியிருந்தார். நியாயமான காரணம்! ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் வாசல் மூடியிருக்கும், கோப்பு இருக்காது. 'சிபி' புலம்பும். ஸ்கிரிப்டை ஓட்டும் க்ரான், தான் ஓட்டுகிற வேலை எதையாவது சொன்னால் அதை மெயிலாக அனுப்பிவைக்கும். வாராவாரம் திங்கள் காலை ஒரு வெட்டி மெயில். அந்த மனிதரை என்னால் குறை சொல்ல முடியவில்லை. அவர் அடைத்தது அர்த்தமில்லாத ஒரு வாக்கியத்தை.

ஆனால் ஞாயிறு அன்று அர்த்தமில்லாமல் இருந்த அதே வாக்கியம், புதன்கிழமை நாற்பது குடும்பங்களின் சம்பளமாக இருந்தது. "அப்படி ஒரு கோப்பு இல்லை." வாசல் மூடியிருந்தாலும் அதே வாக்கியம், கம்பி அறுந்திருந்தாலும் அதே வாக்கியம். அவர் ஒரு காரணத்தை அடைப்பதாக நினைத்தார். /டெவ்/நல்லுக்குக் காரணமெல்லாம் தெரியாது. அந்த வரி இனி எப்போதும் எதையும் சொல்லக்கூடாது என்றுதான் அது புரிந்துகொண்டது.

ஸ்கிரிப்டைச் சரிசெய்வது அரை மணி நேர வேலை. முதலில் நான்கு ஃபோல்டரும் மவுண்ட் ஆகியிருக்கின்றனவா என்று சோதிக்க வேண்டும். ஒன்று இல்லை என்றாலும் எந்த வாசல் என்று பெயர் சொல்லி நின்றுவிட வேண்டும். பாதிக் கணக்கைச் சம்பள மென்பொருளுக்கு அனுப்பக்கூடாது. ஞாயிறு என்றால் மூன்றாம் வாசலில் கோப்பு இல்லாதது சரி, மற்ற நாளில் அதுவும் பிழை. விடுபட்ட கோப்புகளை எடுத்து மறுபடி ஏற்றினோம். அடுத்த மாதச் சம்பளத்தில் பாக்கி சேர்ந்து வந்தது. அதற்குள் இரண்டு பேர் வேலையை விட்டுப் போயிருந்தார்கள். அவர்களுக்கு அந்தப் பணம் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டு இரண்டு முறை மெயில் போட்டேன். பதில் வரவில்லை. அந்த மௌனத்தை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

*

யாரும் வேண்டுமென்று அடைக்காமலே பிழைகள் காணாமல்போகும் இடங்களும் ஷெல்லில் உண்டு. பைப் அதில் முக்கியமானது. தரவுத்தளத்தை வெளியே எடுக்கும் நிரலின் வாயை, சுருக்கும் நிரலான 'ஜிஸிப்'பின் காதோடு இணைத்து பேக்கப் எடுப்பது ரொம்பச் சாதாரணமான வழக்கம். பைப்பில் வரிசையாக நிற்கும் நிரல்களில் கடைசி ஆளின் முடிவு எண்ணைத்தான் ஷெல் மொத்தத்தின் முடிவாக எடுத்துக்கொள்ளும். முதல் நிரல் கடவுச்சொல் தப்பு என்று செத்துப்போகலாம். 'ஜிஸிப்'புக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. ஒன்றுமே வரவில்லை, சரி, ஒன்றுமில்லாததைச் சுருக்குகிறேன் என்று 20 பைட்டில் ஒரு கோப்பை உருவாக்கி 0 என்று சொல்லிவிடும். தினமும் சரியான தேதியோடு, சரியான பெயரோடு, 20 பைட்டுக் கோப்புகள் வரிசையாக அடுக்கப்பட்டிருப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும். திறந்தால் காலிப் பெட்டி.

இதற்கு மருந்தாக 'பைப்ஃபெயில்' என்ற வசதி பாஷ் ஷெல்லில் 2004-லேயே வந்துவிட்டது. போசிக்ஸ் தரநிலைக்குள் நுழைய 2024 வரை ஆனது. 'செட் -இ' என்று மேலே எழுதினால், ஏதாவது கட்டளை தோற்றால் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடும். இந்த இரண்டையும் சேர்த்து எல்லா ஸ்கிரிப்டின் தலையிலும் தாயத்துபோலக் கட்டிவிடுகிறார்கள். நானும் கட்டுகிறேன். ஆனால் 'இஃப்' நிபந்தனைக்குள் ஓடும் கட்டளை தோற்றால் 'செட் -இ' கண்டுகொள்ளாது. அந்த நிபந்தனைக்குள் நாம் எழுதிய ஒரு ஃபங்ஷனைக் கூப்பிட்டால், அந்த ஃபங்ஷன் முழுக்கவே தாயத்து வேலை செய்யாது. தாயத்து கட்டியவன் பாதை பார்த்து நடக்கத் தேவையில்லை என்று ஆகிவிடாது.

பாதை பார்க்காமல் நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2015 ஜனவரியில் வெளியே வந்த ஒரு விஷயம் பிரபலமான உதாரணம். லினக்ஸுக்கான ஸ்டீம் விளையாட்டு மென்பொருளின் ஷெல் ஸ்கிரிப்டில், தான் நிறுவப்பட்டிருக்கும் அடைவு எது என்று கண்டுபிடித்து ஒரு மாறியில் வைக்கும் வரி ஒன்று. பின்னால் ஓரிடத்தில் அந்த அடைவுக்குள் இருக்கும் எல்லாவற்றையும் அழிக்கும் வரி இன்னொன்று. ஒரு பயனர் தன் ஸ்டீம் அடைவை வேறு வட்டுக்கு நகர்த்தியிருந்தார். முதல் வரி தோற்று, மாறி வெறுமையாக நின்றது. அது தோற்றதா என்று யாரும் கேட்கவில்லை. வெறுமைக்குப் பின்னால் ஒரு சாய்கோடு. அதாவது கணினியின் வேர். அவருடைய எல்லாக் கோப்புகளையும், இணைத்திருந்த வெளி வட்டில் இருந்ததையும் சேர்த்து அழித்துவிட்டது. அந்த அழிக்கும் வரிக்கு மேலே, எழுதியவரே "ஸ்கேரி!" என்று ஒரு குறிப்பு போட்டிருந்தார். பயமாக இருக்கிறது என்று எழுதத் தோன்றியிருக்கிறது. மாறி காலியாக இருக்கிறதா என்று ஒரு சோதனை எழுதத் தோன்றவில்லை. பிறகு சரிசெய்துவிட்டார்கள்.

*

பிழையை யாரும் அடைக்கவில்லை, நிரலும் வாய்விட்டுச் சொல்லியது, அப்படியும் கேட்காமல்போகலாம் என்பதற்கு கிட்லாப் நிறுவனத்தின் அனுபவம் இருக்கிறது. நடந்த அத்தனையையும் அவர்களே வெளிப்படையாக எழுதி வைத்திருப்பதால்தான் நமக்குத் தெரிகிறது. 2017 ஜனவரி 31 இரவு, தரவுத்தளச் சிக்கல் ஒன்றைச் சரிசெய்துகொண்டிருந்த பொறியாளர், துணை சர்வர் என்று நினைத்து முதன்மை சர்வரின் தரவு அடைவை அழித்துவிட்டார். சுதாரித்து நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபியில் நாலரை ஜிபிதான் மிச்சம்.

பேக்கப் இருக்கிறதே என்று போனார்கள். தினமும் பேக்கப் எடுத்து அமேஸான் எஸ்3-இல் போடும் வேலை ஒன்று இருந்தது. அந்த இடம் காலி. தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ் 9.6, பேக்கப் எடுக்க ஓடிய நிரலோ 9.2. பதிப்பு பொருந்தவில்லை என்று சொல்லிவிட்டு அது ஒவ்வொரு தடவையும் நின்றுபோயிருந்தது. க்ரான் தன் கடமையைச் செய்து அந்தப் பிழையை மெயிலாகவும் அனுப்பியது. ஆனால் அந்த மெயில்களில் முறையான கையொப்பம் இல்லை என்பதால், போலி மெயில்களைத் தடுக்கும் டிமார்க் விதிப்படி பெறுமிடத்தில் அவை நிராகரிக்கப்பட்டன. தவறு நடந்தது, நிரல் சொன்னது, க்ரான் அதை எடுத்துக்கொண்டு கிளம்பியது. வாசல்வரை வந்து திரும்பிப் போய்விட்டது.

வேறொரு தேவைக்காக ஒரு பொறியாளர் சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன்னால் தற்செயலாக எடுத்து வைத்திருந்த பிரதிதான் அவர்களைக் காப்பாற்றியது. தளம் மறுநாள் மாலைதான் திரும்பி வந்தது. அந்த ஆறு மணி நேரத்தில் பயனர்கள் உருவாக்கியவை போனது போனதுதான்.

இதைப் படித்தபோது எங்கள் அம்மா ஞாபகத்துக்கு வந்தார். பஸ் ஏறும்போது "போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு" என்பார். "ஏதாவது ஆச்சுன்னா போன் பண்ணு" என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஏதாவது ஆகிவிட்டால் போன் பண்ண முடியாமலும் போகலாம் என்பது அவருக்குத் தெரியும். விடிந்து ஏழு மணியாகியும் போன் வராவிட்டால் அவரே கூப்பிடுவார். சர்வர் உலகத்தில் இப்போது இதைத்தான் செய்கிறோம். வேலை முடிந்தால் ஒரு சின்னச் சமிக்ஞை அனுப்பச் சொல்கிறோம். குறித்த நேரத்துக்குள் அது வராவிட்டால் இன்னொரு இடத்தில் மணி அடிக்கும். தோல்வியை மட்டும் அறிவிக்கும் ஏற்பாடு, அந்த ஏற்பாடே தோற்றுப்போகும் நாளில் உதவாது.

*

அப்படியானால் எல்லாவற்றையும் சொல்லவிடலாமா? அதுவும் வேலைக்காகாது. புலி வருது கதைதான். ஒரு சர்வரிலிருந்து நாளுக்கு நூறு மெயில் வந்தால், மூன்றாம் நாளே மெயில் பெட்டியில் ஒரு ஃபில்டர் போட்டு அவற்றைக் கண்ணில் படாத ஃபோல்டருக்குத் தள்ளிவிடுவோம். அதுவும் ஒரு /டெவ்/நல்தான், கொஞ்சம் இடம் அடைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். வருகைப்பதிவு ஸ்கிரிப்டின் மெயிலை நிறுத்திய மனிதர் இந்த அபாயத்தை உணர்ந்தவர் என்றே நினைக்கிறேன். வெட்டி மெயிலை நிறுத்தாமல் விட்டிருந்தால் நல்ல மெயிலையும் யாரும் படித்திருக்கமாட்டார்கள்.

நான் கடைப்பிடிப்பது சில சின்ன வழக்கங்களை. அடைப்பதற்குப் பதிலாக, முன்னாடியே கேட்டுவிடுவது. கோப்பு இல்லாமலிருக்கலாம் என்று தெரிந்தால், இருக்கிறதா என்று முதலில் பார்த்து, இல்லையென்றால் அந்த வேலையைத் தவிர்ப்பது. இருந்தும் நகலெடுக்க முடியவில்லை என்றால் அது நான் எதிர்பார்க்காத பிழை. அது என் காதுக்கு வரட்டும். கட்டளைகளே தரும் நாசூக்கான வழிகளைப் பயன்படுத்துவது இன்னொன்று. 'எம்கேடிர் -பி' என்றால் அடைவு ஏற்கெனவே இருந்தால் சத்தம் போடாது, அனுமதி இல்லையென்றால் சத்தம் போடும். ஒரு காரணத்தை மட்டும் மன்னிக்கிறது. 2>/டெவ்/நல் எல்லாக் காரணங்களையும் மன்னிக்கிறது.

சத்தம் அதிகம் போடும் நிரல்களுக்கு ஜோயி ஹெஸ்ஸின் 'மோர்யூட்டில்ஸ்' தொகுப்பில் 'க்ரானிக்' என்ற சின்னக் கருவி இருக்கிறது. நிரல் சொல்வதையெல்லாம் பிடித்துக் கையில் வைத்துக்கொள்ளும். வேலை நல்லபடியாக முடிந்தால் பேசாமல் இருந்துவிடும். தோற்றால் மட்டும் பிடித்து வைத்த அத்தனையையும் அப்படியே கொடுக்கும். க்ரான் வேலைகளுக்கு இதைவிட மரியாதையான மௌனத்தை நான் பார்த்ததில்லை.

பிழைச்செய்தியை எழுதுவதும் எழுத்துதான். "பிழை ஏற்பட்டது" என்று எழுதுவதும் "மூன்றாம் வாசல் ஃபோல்டர் மவுண்ட் ஆகவில்லை, இன்றைய வருகைக் கணக்கு சம்பளத்துக்கு அனுப்பப்படவில்லை" என்று எழுதுவதும் ஒன்றல்ல. இரண்டாவதைப் படிப்பவருக்கு எது உடைந்தது என்பதோடு, அதனால் யாருக்கு என்ன ஆகும் என்பதும் தெரிகிறது. ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் படிக்கப்போகிறவர் நம்மை மாதிரி ஒருவர்தான் என்று நினைத்துக்கொண்டு எழுதினால் போதும். அந்த வாக்கியம் எங்கே போய்ச் சேரும், அங்கே ஆள் இருக்கிறாரா என்று வருஷத்துக்கு இரண்டு தடவை, வேண்டுமென்றே ஒரு வேலையைத் தோற்கவைத்துச் சோதித்துப் பார்ப்பேன். மெயில் வந்ததா? யாருக்கு வந்தது? அவர் இன்னும் இந்த வேலையில்தான் இருக்கிறாரா?

எங்கள் குழுவில் ஒரு விதி வைத்திருக்கிறேன். இளையவர்களுக்கு அதில் கொஞ்சம் எரிச்சல் உண்டு. யார் 2>/டெவ்/நல் எழுதினாலும், அதற்கு மேல் வரியில் ஒரு குறிப்பு எழுத வேண்டும். எந்தப் பிழை வரும், எந்தச் சூழலில் வரும், ஏன் அதைக் கேட்கத் தேவையில்லை. தமிழிலேயே எழுதினாலும் சரி. "ஒரு வரிக்கு மூணு வரி விளக்கமாண்ணா?" என்று கேட்பார்கள். தெரிந்தால் ஒரே வரியில் எழுதிவிடலாம். எழுத வரவில்லை என்றால் எதை அடைக்கிறோம் என்று நமக்கே தெரியவில்லை என்றுதான் அர்த்தம். அப்போது அந்தப் பதினோரு எழுத்துகளை எடுத்துவிட்டு, நிரல் என்னதான் சொல்கிறது என்று ஒரு ராத்திரி கேட்டுப் பார்க்கச் சொல்வேன்.